மூட்டில் நிற்கும் கட்டடம்

இருங்காட்டுக்கோட்டை சிப்காட் தொடங்கி ஒரகடம் வரை ஆலைகளையும் காலி மனைகளையும் சூழ்ந்து நிற்கும் மதில்களில் பல, வேறிடத்தில் வார்த்து லாரியில் கொண்டுவந்த கான்கிரீட் பலகைகளைக் காடியுள்ள தூண்களுக்கிடையே மேலிருந்து இறக்கி நிறுத்தியவை. அவற்றுக்குப் பலகையின் எடையும் காடியின் பிடிப்புமே போதும். ஆனால் ‘பிரீகாஸ்ட்’ எனப்படும் இதே முன்வார்ப்பு முறையில் பலமாடிக் கட்டடம் எழும்போது, காற்றும் நிலநடுக்கமும் பக்கவாட்டில் தள்ளும் விசையை, ‘பேனல்’ எனப்படும் சுவர்ப் பலகை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தி அடித்தளத்தில் சேர்க்கும் பொறுப்பு மூட்டுகளுடையதாகிவிடுகிறது.

அந்த மூட்டு உருவாவதைத் தளத்தில் நின்று பார்த்தால்தான் அதன் நுட்பம் விளங்கும். கிரேனில் தொங்கிவரும் பேனலின் அடியில், வார்க்கும்போதே பதித்த நெளிவுக் குழாய்கள் இருக்கும். கீழ்ப் பேனலின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் ‘டவல்’ கம்பிகள் அவற்றுள் பிசகாமல் நுழைய வேண்டும் என்பதால், பளுவைக் கட்டித் தூக்க வழிகாட்டும் ‘ரிக்கர்’ என்னும் தொழிலாளியின் கைச்சைகையைப் பார்த்து கிரேன் ஓட்டுநர் பேனலை அங்குலம் அங்குலமாக இறக்குகிறார். மட்டம் காக்க வைத்த ‘ஷிம்’ தகடுகளின்மேல் அது அமர்ந்ததும், சாய்வு முட்டுகளைத் திருகித் தூக்குக்குண்டு பிடித்து நேர்பார்க்கிறார்கள். பிறகு விளிம்புகளை அடைத்து, சுருங்காத சிமென்ட் சாந்தாகிய ‘கிரௌட்’டைக் குழாயின் கீழ்த்துளை வழியே அழுத்திச் செலுத்துகிறார்கள்; மேல்துளையில் காற்றுக்குமிழின்றிச் சாந்து வழிந்தால்தான் குழாய் நிறைந்தது என்று பொருள். வெயில் ஏறினால் சாந்து விரைவில் இறுகிவிடும் என்பதால், கோடையில் இப்பணியைக் காலையிலேயே முடிப்பது நல்லது. பக்கத்துப் பேனல்களின் செங்குத்து மூட்டில், இரு விளிம்புகளிலிருந்தும் வரும் கம்பி வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக்கி, நடுவே நெடுங்கம்பி செருகிச் சாந்து நிரப்புகிறார்கள்.

நிரப்பியபின் உள்ளே இருப்பது எவர் கண்ணுக்கும் தெரியாது. இத்தொழிலின் பேராபத்து அதுவே. 1968 மே 16 அன்று லண்டனின் ரோனன் பாயிண்ட் என்னும் 22 மாடிக் கட்டடத்தில், 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்துச் சுவர்ப் பேனல் பெயர்ந்ததும், அதைத் தாங்கலாகக் கொண்ட மேல்மாடிகள் சரிந்து, அந்த மூலை முழுவதும் கீழ்வரை இடிந்து நால்வர் இறந்தனர். 1986இல் அதைப் பிரித்தபோது, சாந்து நிறைந்திருக்க வேண்டிய மூட்டுகளில் வெற்றிடமும் குப்பையும் காணப்பட்டன. 2001 குஜராத் நிலநடுக்கத்திலும், கூரைப் பலகைகள் சரியாகப் பிணைக்கப்படாத முன்வார்ப்புப் பள்ளிக் கட்டடங்கள் விழுந்தன.

2002இல் திருத்தப்பட்ட இந்தியத் தரநூல் சென்னையை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்துக்கு உயர்த்தியது; 2022 மே மாதம் பெரும்பாக்கத்தில் முன்வார்ப்பு முறையில் கட்டிய 1,152 வீடுகள் திறக்கப்பட்டன. இம்முறை குடியிருப்புகளுக்கும் பரவும் நிலையில், வடமாநிலங்களிலிருந்து வந்து மூட்டுப் பணியைச் செய்யும் தொழிலாளருக்கு அவர்கள் மொழியிலேயே பயிற்சியும் சான்றிதழும் தரப்பட வேண்டும். ஒவ்வொரு மூட்டும் நிரப்பப்படுவதைப் பொறியாளர் நேரில் பார்த்துப் படத்துடன் பதிவுசெய்த பிறகே அடுத்த மாடிப் பேனலை ஏற்ற அனுமதிக்க வேண்டும்.