முதல் பட்டதாரிக்கு யார் துணை?

மேல்மலையனூர் என்றதும், அமாவாசை இரவுகளில் அங்காளம்மன் கோயிலுக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் வந்திறங்கும் மக்கள் வெள்ளமே பலருக்கு நினைவில் எழும். இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் பணிபுரியும் எனக்கோ, ஆண்டுதோறும் கல்லூரிகள் திறக்கும் வேளையில் இங்கிருந்து புறப்படும் வேறொரு சிறு கூட்டம் நினைவுக்கு வருகிறது. தோளில் ஒரு பை, கையில் சான்றிதழ் உறை. செஞ்சி வழியாகத் திண்டிவனத்திற்கோ விழுப்புரத்திற்கோ சென்னைக்கோ செல்லும் நம் பிள்ளைகள். பெற்றோர் மல்லாட்டைக் கொல்லையில் உழைப்பவர்கள். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் இவர்களே.

அரசு இவர்களை மறந்துவிடவில்லை. 2010-11 கல்வியாண்டில் தொழிற்கல்வி பயிலும் முதல் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை அளிக்கத் தொடங்கியது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. சலுகைக்காக நாம் பெறும் 'முதல் பட்டதாரிச் சான்றிதழ்', அவ்வீட்டில் இதற்கு முன் பட்டம் பெற்றவர் இல்லை என உறுதி கூறுகிறது. அன்பர்களே, அந்தத் தாளில் எழுதப்படாத பொருள் ஒன்றும் உண்டு: அப்பிள்ளைக்குக் கல்லூரி வழியை எடுத்துச் சொல்ல அவ்வீட்டில் எவரும் இல்லை என்பதே அது.

தமிழில் பயின்றவன் ஆங்கிலப் பாடத்தின் முன் திகைத்து அமர்கிறான். 'செமஸ்டர்', 'இன்டர்னல்', 'அரியர்' என்னும் சொற்கள் அவன் வீட்டில் எவருக்கும் விளங்காதவை. ஒரு தாளில் தவறினால் பின்னர் மீண்டும் எழுதலாம் என்பதையும் அறியாமல், எல்லாம் முடிந்தது என்று எண்ணிக்கொள்கிறான். தந்தையோ, "நீ படிக்கிற பிள்ளை, உனக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரியப்போகிறது?" என்கிறார். அன்பும் பெருமையும் கலந்த அந்தச் சொல்லே அவனைத் தனிமையில் விட்டுவிடுகிறது. விடுமுறைக்கு வந்தவன் கல்லூரிக்குத் திரும்பாமல் ஒரகடத்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறான். அவ்வாறு நின்றுவிட்ட இளைஞன் ஒருவன் என்னிடம் சொன்னான்: "யாரிடம் கேட்பதென்றே தெரியவில்லை, சாமி."

நானும் எளிய குடும்பத்தில் பிறந்து குருமடம் சென்றவன். 'மெய்யியல்' என்னும் சொல்லை எங்கள் வீட்டில் முதலில் உச்சரித்தவன் நானே. ஆயினும் நான் தனியாக இருந்ததில்லை. நூல் விளங்காத இரவுகளில் மேல்வகுப்பு அண்ணன்மார் அருகில் அமர்ந்து விளக்கினர். முகம் வாடினால் ஆன்ம குரு அழைத்துக் கேட்டார். ஊருக்கு வந்தால் பங்குத் தந்தை விசாரித்தார். ஊரே எனக்காகச் செபித்தது. அதே தெருவிலிருந்து கல்லூரி செல்லும் பிள்ளைக்கு நாம் இவற்றுள் எதை அளிக்கிறோம்?

1950இல் இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம், திருச்சி தூய வளனார் கல்லூரியில் சேர்ந்தார். அவர் தந்தை முறையான கல்வி மிகுதியாகப் பெறாதவர். விடுதிக் காப்பாளராயிருந்த அருள்தந்தை செக்குவேரா, ஒவ்வோர் இரவும் கையில் விவிலியத்துடன் மாணவர்களை அறை அறையாகச் சென்று காண்பார். தீபாவளியன்று எண்ணெய்க் குளியலுக்காக அறைதோறும் நல்லெண்ணெய் கொடுத்தனுப்புவார். குடியரசுத் தலைவராக உயர்ந்த கலாம், 'அக்னிச் சிறகுகள்' நூலில் இதை மறவாமல் குறித்துள்ளார். பின்னர் சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ 1000 ரூபாய் தேவைப்பட்டபோது, அவர் சகோதரி தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். பணம் சகோதரியிடமிருந்து வந்தது. 'நீ எங்களில் ஒருவன்' என்ற உறுதி, இரவில் அறைக்கு வந்து விசாரித்தவரிடமிருந்து வந்தது. மாணவனுக்கு இரண்டும் வேண்டும்.

நம் பங்குகளில் இதைச் செய்யப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. குருமாணவர்களுக்காகச் செபிப்பது போல், கல்லூரிக்குப் புறப்படும் பிள்ளைகளையும் திருப்பலியில் பெயர் சொல்லி நினைவுகூர்வோம். இரண்டாம், மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவர் ஒருவரைப் புதியவருக்குத் துணையாக நியமிப்போம். முதல் நாள் அவர் உடன் செல்லட்டும், முதல் பருவம் முடியும்வரை வாரம் ஒருமுறை நலம் விசாரிக்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஞாயிறுதோறும் உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பித் தரலாம். கிறிஸ்தவர்களான ஆதிதிராவிட மாணவருக்கும் தமிழக அரசின் கல்வி உதவித்தொகை உண்டு என்பதை நம்மவருக்கு எடுத்துச் சொல்வோம்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாடம் தெரியாதென்று ஒதுங்கிவிடாதீர்கள். "யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறாய்? விளங்காவிட்டால் யாரிடம் கேட்கிறாய்?" என்று கேளுங்கள். இதைக் கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை. அப்பிள்ளை சொல்லும் பதிலிலிருந்தே அவன் அங்கே வேரூன்றியிருக்கிறானா, தவிக்கிறானா என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வீட்டிலிருந்து இரண்டாவதாகக் கல்லூரி செல்லும் தம்பிக்கும் தங்கைக்கும் வழி சொல்ல மூத்தவர் இருப்பார். முதலில் செல்பவருக்கு அந்த மூத்தவராக, நம் பங்கு இருக்கட்டும்.