1998 – தூங்காத ஒரு மாதம்

நம் வயதுக்காரர்களிடம் விளையாட்டுப் பேச்சு வந்தால் 1983-ல் கபில்தேவ் கோப்பை வாங்கியதில் போய்த்தான் நிற்கும். எனக்கும் அது பெருமைதான். ஆனால் மறக்க முடியாத வருஷம் எது என்றால் 1998 என்பேன். பிரான்ஸில் நடந்த கால்பந்து உலகக் கோப்பை. கல்வே காலேஜில் பிரெஞ்சு மீடியம் படித்தவன் வேறு என்ன சொல்வான் என்று சிரிக்காதீர்கள். விஷயம் அது மட்டும் இல்லை.

நம்ம ஊரில் பல குடும்பங்களுக்கு நடந்ததுதான் எங்களுக்கும் நடந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். இந்தோசீனாவில் சொல்தாவாக இருந்த பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு தேசம். பெரியப்பா மகன் 1966-ல் பாரிஸ் போனார். நான் இங்கே சர்க்கார் குமாஸ்தா ஆனேன். அண்ணன் லீவில் வரும்போதெல்லாம் பிரெஞ்சுக்காரர்களைப் பற்றிப் பேசினால் "அவனுங்க" என்றுதான் சொல்வார். "அவனுங்க நல்லவனுங்கதான்டா, ஆனா நீ எந்த ஊர்னு கேக்கறத மட்டும் விடமாட்டானுங்க" என்பார். பாஸ்போர்ட் இருந்தும் அந்த வார்த்தை மாறவே இல்லை.

1998 ஜூன் 10-ல் போட்டி ஆரம்பம். முதன்முறையாக 32 நாடுகள். எங்கள் தெருவில் அப்போது கேபிள் வந்துவிட்டது. அங்கே இரவு ஒன்பது மணி ஆட்டம் என்றால் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. மறுநாள் ஆபீஸில் ஃபைலுக்கு மேல் தலை சாய்ந்து விழும். எதிர்வீட்டுச் சொல்தா தாத்தா ராத்திரி எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். என் மனைவி ஃபிளாஸ்கில் காபி போட்டு வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவாள்.

பிரான்ஸ் கோப்பை வாங்கும் என்று அவர்கள் நாட்டிலேயே பலர் நம்பவில்லை. பயிற்சியாளர் எமே ஜாக்கேவைப் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. முதல் சுற்றில் மூன்று ஆட்டமும் வெற்றி. ஆனால் சவூதி ஆட்டத்தில் ஜிதானுக்குச் சிவப்பு அட்டை, இரண்டு ஆட்டம் வெளியே. அவர் இல்லாமல் பராகுவேயோடு ஆடியபோது 113 நிமிஷம் வரை கோல் இல்லை. கடைசியில் லோரான் பிளான் அடித்தார். உலகக் கோப்பையில் முதல் 'கோல்டன் கோல்' அதுதான். இத்தாலியோடு பெனால்டியில் 4-3. தாத்தா நாற்காலியை விட்டு எழுந்து நின்றே பார்த்தார்.

அந்த அணியைக் கவனித்தால்தான் நான் சொல்ல வருவது புரியும். ஜிதானின் பெற்றோர் அல்ஜீரியாவிலிருந்து வந்தவர்கள். தெசாயி பிறந்தது கானாவில், வியெரா செனகலில், தூராம் குவாதலூப்பில், கராம்பூ நியூ கலிடோனியாவில். 1931-ல் பாரிஸில் காலனிக் கண்காட்சி நடத்தினார்களே, அப்போது கராம்பூவின் கொள்ளுத்தாத்தாவை நரமாமிசம் தின்பவர் என்று சொல்லிக் காட்சிக்கு வைத்தார்கள். அந்த வம்சத்துப் பிள்ளை இப்போது பிரான்ஸின் நீலச் சட்டையில் ஓடுகிறான். முக்கால்வாசி நம்மைப்போல் அந்தக் கொடியின் கீழ் இருந்த ஊர்களின் பிள்ளைகள்.

எனக்குப் பிடித்த ஆட்டம் ஜூலை 8, குரோஷியாவோடு அரையிறுதி. இடைவேளை முடிந்ததும் சுக்கர் கோல் போட்டுவிட்டார். தூராம் ஓரடி பின்னால் நின்றதால்தான் ஆஃப்சைடு கிடைக்கவில்லை. தாத்தா தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த நிமிஷமே அதே தூராம் பந்தைப் பறித்துக்கொண்டு முன்னே போய்ச் சமன் செய்தார். எழுபதாவது நிமிஷம் வாக்கில் இடது காலால் இன்னொன்று! பிறகு மண்டியிட்டு, வாயில் விரல் வைத்து, 'இது நானா?' என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். பிரான்ஸுக்காக 142 ஆட்டம் ஆடியவர், மொத்தமாகப் போட்டதே இந்த இரண்டு கோல்தான். அவர் அம்மா வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர்.

ஜூலை 12 இறுதி ஆட்டம், எதிரில் பிரேசில். கார்னரிலிருந்து வந்த பந்தை ஜிதான் இரண்டு முறை தலையால் முட்டினார், இரண்டும் கோல். கடைசி நிமிஷத்தில் பெத்தி ஒன்று. 3-0. இங்கே மணி இரண்டரை ஆகியிருக்கும். பாரிஸில் பத்து லட்சம் பேருக்குமேல் தெருவில். வெற்றி வளைவின் மேல் ஜிதான் முகத்தை ஒளியில் காட்டினார்கள்.

சற்று நேரத்தில் ஃபோன் அடித்தது. ஐ.எஸ்.டி. கால். பின்னால் ஒரே கார் ஹாரன் சத்தம்.

"தம்பி, நாம ஜெயிச்சுட்டோம்டா!"

அண்ணன்தான். முப்பத்திரண்டு வருஷம் 'அவனுங்க' என்றவர் வாயில் அன்றுதான் 'நாம' வந்தது. அந்த 'நாம'வில் என்னையும் சேர்த்தாரா, எதிர்வீட்டுத் தாத்தாவைச் சேர்த்தாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் ஜூலை 14-க்கு முந்தைய நாள் விளக்கு ஊர்வலம். தாத்தா மெடல்களைக் குத்திக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் நடந்தார்.

அந்தச் சந்தோஷம் அங்கே ரொம்ப நாள் தங்கவில்லை. 2002-ல் அதே அணி செனகலிடம் தோற்று, ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பியது. அதே வருஷம் ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாவது சுற்றுக்கு லெ பென் வந்துவிட்டார். அண்ணன் ஃபோனில் மறுபடியும் 'அவனுங்க' என்றார். தூராம் பின்னாளில் இனவெறிக்கு எதிராக ஓர் அறக்கட்டளை தொடங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். இரண்டு கோலால் தீராத வேலை அது.

அண்ணன் இப்போது இல்லை. 2018-ல் பிரான்ஸ் மறுபடி கோப்பை வாங்கிய இரவு அவர் பேரன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். அவனுக்குத் தமிழ் வராது. "ஜெயிச்சுட்டோம், தாத்தா" என்று பிரெஞ்சில் கத்தினான். அந்த 'ஓம்' அவனுக்குச் சும்மா வந்தது, பாட்டனுக்கு அதற்கு முப்பத்திரண்டு வருஷம் ஆயிற்று. என் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் அவனுக்கு வாழ்த்துச் சொன்னேன். அதை அவனிடம் சொல்லவில்லை.