ஏறினால் இறங்காது

ஆரம்ப சுகாதார நிலையத்தின் லேப் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெஞ்சு. ஒரு முனையில் நான். மறுமுனையில் ஒரு பெரியவரும் மகளும். அவர் துண்டுக்குள் இருமுகிறார்.

உள்ளே லேப் அக்கா. சளி டப்பாவைத் திறந்து, துடைப்பக் குச்சியால் கெட்டியான பகுதியைத் தேடி எடுத்து, ஸ்லைடில் மெல்லப் பரப்புகிறார். காய்ந்ததும் தீயில் காட்டுகிறார். சிங்க்கின் குறுக்கே இரண்டு கம்பிகள். அவற்றின் மேல் ஐந்து ஸ்லைடுகள், ஒன்றையொன்று தொடாமல்.

பாட்டிலைச் சாய்க்கிறார். கார்பால் ஃபுக்சின். பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்போல ஒரு சிவப்பு. ஃபீனால் நெடி ஜன்னலைத் தாண்டி வருகிறது. ஸ்பிரிட் விளக்கை அடியில் ஓட்டுகிறார். ஆவி எழுந்ததும் கை விலகுகிறது. கொதிக்கக் கூடாது. அக்காவின் நகக்கண்களில் என்றோ ஏறிய ரோஜா நிறம்.

காசநோய்க் கிருமிக்கு மெழுகு போன்ற உறை. சாயம் லேசில் ஏறாது; சூடுகாட்டி ஏற்ற வேண்டும். ஏறிவிட்டால் இறங்காது. ஐந்து நிமிடம் கழித்துக் கழுவி, 25 சதவீதக் கந்தக அமிலத்தை ஊற்றுகிறார். மற்றதெல்லாம் வெளுத்துவிடுகிறது. பிறகு மெதிலீன் நீலம், அரை நிமிடம். வெளுத்தவை நீலமாகும், கிருமி மட்டும் சிவப்புக் குச்சியாக நிற்கும்.

முறைக்குப் பெயர் ஸீல்–நீல்சன். 1882இல் ராபர்ட் கோக் கிருமியை அறிவித்த வேகத்தில் இதற்கு வழிபோட்டவர் பால் எர்லிக். சில ஆண்டுகளில் தம் சளியிலேயே அந்தக் கிருமியைக் கண்டு, உலர்ந்த காற்றைத் தேடி எகிப்துக்குப் போனார். பிழைத்தார்.

அக்கா எண்ணெய் ஒரு சொட்டு வைத்து மைக்ராஸ்கோப்பில் குனிகிறார். இடது கை திருகைத் திருப்புகிறது; உதடு எண்ணுகிறது. 'இல்லை' என்று சொல்ல நூறு புலங்கள் பார்த்தாக வேண்டும். கிருமி மொய்த்துக் கிடந்தால் இருபதே போதும். இல்லாததைச் சொல்லத்தான் நேரமாகிறது.

முதல் ஸ்லைடுக்கு வெகுநேரம். இரண்டாவதுக்கும் அப்படியே. இரண்டையும் பதிவேட்டில் நீல மையில் எழுதுகிறார். கிருமி இருந்தால் சிவப்பு மை என்பது வழக்கம்.

மூன்றாவதை வைத்துக் கொஞ்ச நேரம்தான். தலை நிமிர்கிறது. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி குனிகிறார்.

"நேரமாகுது பாப்பா, பஸ்ஸு போயிடும்" என்கிறார் பெரியவர்.

"இருங்கப்பா."

அக்கா நீலப் பேனாவை மூடி வைத்துவிட்டு டிராயரை இழுக்கிறார். யாருடைய ஸ்லைடு என்பது இங்கிருந்து தெரியவில்லை.