சேவ் பண்ணாத ஃபைல்

அன்புத் தங்கை செல்விக்கு,



அச்சுக் கடையில் வேலை பார்க்கும் பையன்கள் ராத்திரி ஷட் டவுன் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், காலையில் வந்தால் சிஸ்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதற்காக யுபிஎஸ் சுவிட்சையே அணைக்கிறார்களாமே, அதை இன்றே நிறுத்தச் சொல். அப்படிச் செய்தால் திறந்திருக்கும் ஃபைல் மட்டுமல்ல, விண்டோஸே கெட்டுப்போகலாம்.

ஷட் டவுன் கொடுத்ததும் விண்டோஸ் ஒவ்வொரு புரோகிராமிடமும் "மூடலாமா?" என்று கேட்கும். சுமார் 5 நொடிக்குள் பதில் வராவிட்டால்தான் "இது தடுக்கிறது" என்று திரையில் காட்டும். தடுப்பவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று நிஜமாகவே தொங்கிப்போனது. பிரிண்டர் கூடவே வந்த சின்ன புரோகிராம்கள் பெரும்பாலும் இந்த ரகம். இன்னொன்று, "சேவ் செய்யவா?" என்று கேட்டுவிட்டு நம் பதிலுக்காகக் காத்திருப்பது. இதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை அது பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது.

தடுப்பவற்றைக் கேட்காமலே மூட நீ கேட்ட வழி இருக்கிறது. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி எடிட்டரான ரெஜ்எடிட்டைத் திறந்து, ஹெச்கீ கரன்ட் யூசர், அதற்குள் கன்ட்ரோல் பேனல், அதற்குள் டெஸ்க்டாப் போ. வலது பக்கம் 'ஆட்டோஎண்ட்டாஸ்க்ஸ்' (AutoEndTasks) என்று இருந்தால் அதன் மதிப்பை 1 ஆக்கு. இல்லாவிட்டால் அதே பெயரில், நடுவே இடம் விடாமல், புதிதாக ஒரு ஸ்ட்ரிங் வேல்யூ உருவாக்கி 1 கொடு. தொடுவதற்கு முன் அந்த டெஸ்க்டாப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள். இது லாகின் செய்திருக்கும் ஆளுக்கு மட்டும்தான் பொருந்தும். பையன்கள் வேறு பெயரில் நுழைந்தால் அங்கேயும் செய்ய வேண்டும். அதன்பிறகு விண்டோஸ் யாரையும் கேட்காது, தானே மூடிவிடும்.

ஆனால் செல்வி, நான் சொன்ன இரண்டு வகையையும் அது பிரித்துப் பார்க்காது. தொங்கிப்போனதையும் மூடும், உனக்காகக் காத்திருப்பதையும் மூடும். அதனால் பில் போடும் சிஸ்டத்தில் மட்டும் வை. அங்கே ஒவ்வொரு பில்லும் அப்போதைக்கப்போதே பதிவாகிவிடுகிறது. கோரல் டிராவில் டிசைன் வேலை நடக்கும் சிஸ்டத்தில் கண்டிப்பாக வேண்டாம். நாள் முழுக்க உட்கார்ந்து, தாத்தா பெயர், தாய்மாமன் பெயர், முகூர்த்த நேரம் எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் திருத்திய பத்திரிகைப் பக்கம் அதில்தான் இருக்கிறது. போனால் அதே திருத்தங்களை இன்னொரு முறை பிழையில்லாமல் செய்ய யாராலும் முடியாது. அந்தப் பிழை அச்சில் ஏறி ஊர் முழுக்கப் போகும்.

அந்தக் கோரல் டிராவில் ஆட்டோ பேக்கப்பை 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்துவிடு. ஷட் டவுன் கொடுத்த பையன் திரை கறுக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்ட வேண்டும் என்றும் சொல். அந்த ஒரு நிமிடத்துக்கு அவர்கள் முணுமுணுத்தாலும் விட்டுக்கொடுக்காதே.

"இது தடுக்கிறது" என்று திரையில் வரும் பிரிண்டர் புரோகிராமின் பெயரைக் குறித்து அனுப்பு. அது ஸ்டார்ட்டப்பிலேயே ஏறாமல் தடுக்க முடியுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்