வேனில் இருந்த அண்டா

தைப்பூசத்துக்குப் பந்தல் போடுறவங்களுக்காக இதை எழுதுகிறோம்.

போன வருசம் விடியற்காலை 4 மணிக்கே எங்க பந்தலுக்கு வெண்பொங்கல் ஆக்கி முடித்தோம். 10 மணிக்கு சுகாதார அதிகாரிங்க வந்தாங்க. தொப்பி, ஏப்ரன், டைபாய்டு ஊசி அட்டை எல்லாம் சரி. ஆனா ஒரு அண்டா பொங்கல் வேனுக்குள்ள இருந்தது. அதை அவங்க பார்க்கல.

"அவங்க போனதும் கொடுத்திடலாம்ணே, சாமி சோறு, வீணாக்கக் கூடாது" என்றார் ஒரு தம்பி. உண்மையைச் சொன்னா, எங்களுக்கும் அந்த எண்ணம் வந்தது. அரிசி வாங்கிக் கொடுத்த அம்மா வேற பக்கத்திலேயே நின்னாங்க.

ஆனா சமைத்த சாப்பாடு 4 மணி நேரத்துக்குள்ள முடியணும். ஆறிக் கிடந்த சோற்றில் கிருமி நஞ்சை விட்டுடும். திரும்ப சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட வர்றது விரதம் இருந்து காவடி எடுத்த வயிறு. சின்னப் பிள்ளைங்களும் இருக்காங்க.

அந்த அம்மாகிட்ட விஷயத்தைச் சொல்லி மன்னிப்பு கேட்டோம். பொங்கலைக் கொட்டினோம். அவங்களுக்குக் கண் கலங்கிடுச்சு. "அடுத்த வருசம் கொஞ்சம் கொஞ்சமா ஆக்குங்கப்பா" என்று மட்டும் சொன்னாங்க.

இந்த வருசம் அப்படித்தான். மூணு தடவையா ஆக்குகிறோம். அண்டா மேல நேரத்தை எழுதி ஒட்டுகிறோம். சாப்பாட்டுக் கடை வச்சுப் பிழைக்கிற அன்பர்களும் இதைச் செய்யலாம், செலவு ஒண்ணும் இல்ல.

அதிகாரி பார்க்கலன்னா முருகனும் பார்க்கலன்னு ஆகிடுமா?

முருகன் துணை 🙏