அறுக்காமல் விட்ட கம்பி

வீரபாண்டிப் பக்கம் இருபது வருடமாகக் கேபிள் இழுக்கிறேன். முதலில் டிவிக்கு, இப்போது ஃபைபர். பனியன் கம்பெனி மாடியிலிருந்து எதிர்மாடி, அங்கிருந்து அடுத்த சந்து. கம்பெனி இடம் மாறிப் போனால் பாக்ஸை மட்டும் கழற்றி வருவேன். மேலே ஓடும் கம்பியை அறுத்துச் சுருட்ட அரை நாள் போகும். கரண்ட் இல்லாத கம்பிதானே, கிடக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

அப்படி விட்ட ஒன்று மழையில் தொய்ந்து இறங்கியிருந்தது. ஒரு சாயங்காலம், டெம்போவில் துணி ரோல்களின் மேல் உட்கார்ந்து வந்த பையனை அது தாடைக்குக் கீழே மாட்டிக் கீழே தள்ளிவிட்டது. நான் ஓடிப்போனபோது டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரே கோடு. "கம்பி இருந்ததே தெரியலீங்ண்ணா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அது என் கம்பி என்று நான் சொல்லவில்லை. கடைகள் சாத்திய பிறகு ஏணியோடு போய் அறுத்து எடுத்துவந்தேன்.

2025 மே 8 அன்று உத்தரகாசி மாவட்டம் கங்னானி அருகே யாத்ரீகர்கள் போன ஹெலிகாப்டர் விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். ஒருவர்தான் பிழைத்தார். விசாரணையின் முதற்கட்ட அறிக்கையைப் பேப்பரில் படித்தேன். பைலட் ரோட்டில் இறக்கப் பார்த்திருக்கிறார். ரோட்டை ஒட்டி மேலே ஓடிய ஃபைபர் கேபிளில் விசிறி பட்டிருக்கிறது. ஃபைபர் கேபிள் என்ற இடத்தில் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் வேலைக்குக் கிளம்ப முடியவில்லை.

அதே மாவட்டத்தில் 2019 ஆகஸ்ட் 21 அன்று வெள்ள நிவாரணம் கொண்டுபோன ஹெலிகாப்டரும் கம்பியில்தான் மாட்டியது. ஆப்பிள் பெட்டி இறக்கக் கட்டிய டிராலிக் கம்பி. மூன்று பேர் போனார்கள்.

தாழப் பறக்கிறவருக்குக் கம்பி கண்ணில் படாது. பின்னால் மலையும் மரமும் இருந்தால் அதற்குள் கரைந்துவிடும். அதனால் கம்பியைத் தேடாதே, போஸ்ட்டைத் தேடு, போஸ்ட்டுக்கு மேலேயே தாண்டு என்று பைலட்டுகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சில ஹெலிகாப்டர்களில் மூக்குக்கு மேலும் கீழும் கத்தி வைத்திருக்கும். நேர் எதிரே வேகத்தில் மோதும் கம்பியை அறுக்கும். விசிறியில் படும் கம்பிக்கு அந்தக் கத்தியால் பிரயோஜனமில்லை. பெரிய மின்கம்பிகளில் ஆரஞ்சு உருண்டை தொங்கவிடுவது தூரத்திலேயே தெரியட்டும் என்றுதான். நான் இழுத்த கம்பிக்கு யார் உருண்டை மாட்டினார்கள்?

இப்போது லைனைத் துண்டித்த அன்றைக்கே கம்பியையும் இறக்கிவிடுகிறேன். பழசையும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேடி அறுக்கிறேன். சில இடத்தில் பத்துப் பன்னிரண்டு கம்பி பின்னிக் கிடக்கிறது. எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பையனைத் தேடிப் போனேன். ஊருக்குப் போய்விட்டானாம். அவன் கழுத்தில் பட்ட கம்பி கடைப் பரணில் சுருளாக இருக்கிறது. அதை எடைக்குப் போட இன்னும் மனசு வரவில்லை.