தையலுக்கு விட்ட துணி

நான் முதன்முதலில் தைத்து முடித்த உடுப்பு தலைக்குள்ளால் இறங்கி, தோளைத் தாண்டி, நெஞ்சில் வந்து நின்றுவிட்டது. மேலேயும் எடுக்க முடியவில்லை. கீழேயும் இழுக்க முடியவில்லை. கையிரண்டும் முகட்டைப் பார்க்க அறைக்குள் நின்றேன். அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவள். மகள் ஓடிவந்து பக்கத்துத் தையலைப் பிளேட்டால் பிரித்துத்தான் என்னை வெளியே எடுத்தாள். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

அது 2019ஆம் ஆண்டு, மே மாதம். சிலாபம்.

ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. எங்களுக்குத் தெற்கே நீர்கொழும்பில், கட்டுவாப்பிட்டி தேவாலயத்தில், உயிர்த்த ஞாயிறு பூசைக்குப் போன சனங்கள் செத்துக் கிடந்தார்கள். மே 12, அதுவும் ஒரு ஞாயிறு. நோன்பு தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. முகநூலில் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரியைப் பிழையாக விளங்கிக்கொண்டு, எங்கள் நகரத்தில் முஸ்லிம் கடைகளுக்கும் பள்ளிவாசலுக்கும் கல்லெறிந்தார்கள். பின்னேரம் ஊரடங்கு. மறுநாள் வடமேல் மாகாணத்தின் மற்ற ஊர்களுக்கும் தீ பரவியது. கொட்டாரமுல்லையில் ஒரு தச்சுத் தொழிலாளியை அவரது வீட்டிலேயே வெட்டிக் கொன்றார்கள். இதெல்லாம் பத்திரிகைகளில் வந்தவை. விரித்து எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஓர் உடுப்பைப் பற்றி.

முகத்தை மூடுவதற்கு ஏப்ரல் 29இல் தடை வந்தது. நான் ஒருநாளும் முகம் மூடியவளல்ல. ஆனால் சட்டம் முகத்தை மட்டும் சொன்னாலும் சனங்களின் கண் கறுப்பு ஹபாயாவையே தேடியது. ஒரு காரியாலய வாசலில், எனக்குப் பின்னால் நின்றவர்களையெல்லாம் உள்ளே விட்டுவிட்டு, என்னை மட்டும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பஸ்ஸில் பக்கத்து ஆசனம் காலியாகவே வந்தது. வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். ஐந்து ஹபாயாக்கள், ஐந்தும் கறுப்பு. கடைகள் பூட்டிக் கிடந்தன. பெருநாளைக்கு மூன்று கிழமை இருந்தது.

வேறு நிறத்தில் ஒன்று தைத்துக்கொள்வோம் என்று நினைத்தேன். மார்க்கத்தில் நிறத்துக்குக் கட்டாயமில்லை, எந்த நிறமும் அணியலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் நான் நிறம் மாற்றியது மார்க்க விளக்கத்தால் அல்ல, பயத்தால். இதை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும்.

வீட்டில் உம்மாவின் சிங்கர் கால் மெஷின் இருந்தது. சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் சீதனச் சாமான்களோடு அந்த மெஷினும் ஒன்றாக வந்திருக்கிறது. உம்மா 2011இல் மவுத்தானார். அதன் பிறகு மெஷினுக்கு மேலே ஒரு விரிப்பைப் போட்டு, அதில் அயன் பண்ண வேண்டிய உடுப்புகளைக் குவித்து வைத்திருந்தோம்.

உம்மா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தால் நிறுத்தப்பட்டவர். பெரிய பிள்ளையானால் நிறுத்திவிடும் காலம். வீட்டுக்குள்ளேயே தையல் பழகி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் பெருநாள் சட்டைகளைத் தைத்துக் கொடுத்தே என்னைப் படிப்பித்தார். நான் மெஷினுக்குப் பக்கத்தில் போனால், "நீ கொப்பியக் கொண்டுபோய்ப் படி மகள். இதுல வந்து ஒக்கார வேணாம்" என்பார். தையல் என்பது படிக்க ஏலாதவர்களுக்கு மிஞ்சிய வேலை என்று அவர் நினைத்தார். நானும் அப்படியே நினைத்தேன். அதனால் ஊசியில் நூல் கோர்ப்பதற்கு மேல் எனக்கொன்றும் தெரியாது.

மெஷின் லாச்சிக்குள் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் உம்மா வெட்டிச் சேர்த்த பத்திரிகைத் துண்டுகள். சிங்கள மகளிர் பத்திரிகைகளில் வந்த தையல் பக்கங்கள். 'தருணி' வரும் நாளில் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் அதை நீட்டுவது எனக்கு நினைவிருக்கிறது. அக்கா கத்தோலிக்கர். சிலாபத்துக் கரையோரத்தின் பழைய ஆட்களைப் போலச் சிங்களமும் தமிழும் ஒன்றாகக் கலந்து பேசுவார். உம்மாவுக்குச் சிங்களம் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. பின்னேரங்களில் அக்கா வாசிப்பார், உம்மா குறித்துக்கொள்வார்.

மேல்நாட்டில் இந்த வேலை வேறு விதம். 1863இல் அமெரிக்காவில் எபினேசர் பட்டரிக் என்ற தையற்காரர், பல அளவுகளில் வெட்டிய கடதாசி மாதிரிகளை விற்கத் தொடங்கினார். ஜேர்மனியில் ஆன்னே புர்தா என்ற பெண் 1950இல் தொடங்கிய சஞ்சிகை, இரண்டு வருஷத்தில் முழு அளவு மாதிரித் தாளையும் சேர்த்தே கொடுத்தது. யுத்தத்தில் அழிந்துபோன ஒரு நாட்டில், கடையில் வாங்க வசதியில்லாத பெண்கள் அந்தத் தாளிலிருந்து கோடுகளைப் பிரதியெடுத்துத் தங்கள் உடுப்பைத் தாங்களே தைத்தார்கள். எங்கள் பத்திரிகைகளில் அந்த வசதி இல்லை. உள்ளங்கை அளவு ஒரு வரைபடம், மூலைகளுக்கு எழுத்துக் குறிகள், பக்கத்தில் கணக்கு. மார்பளவில் நாலில் ஒரு பங்கு, அதோடு அரை அங்குலம் என்பது போல. அதை வாசிப்பவளே தன் உடம்பை அளந்து, பெருக்கிப் பிரித்து, பெரிய கடதாசியில் வரைந்து வெட்ட வேண்டும். முதலில் கடதாசி, பிறகுதான் துணி. 1977க்கு முந்திய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் துணி கிடைப்பதே பெரும்பாடு. அப்போது பழகிய கை அந்த ஒழுங்கை ஒருநாளும் மீறவில்லை.

கடதாசி என்றால் பழைய பத்திரிகைதான். அதிலும் உம்மாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. வெள்ளிக்கிழமைத் தமிழ்ப் பத்திரிகையில் கத்தரிக்கோல் படாது. அதில் இஸ்லாமியப் பக்கம் வரும். அல்லாஹ்வின் பெயர் இருக்கும், ஆயத்து இருக்கும். அதனால் எங்கள் பெருநாள் சட்டைகளெல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சிங்களப் பத்திரிகையில்தான் முதலில் வெட்டப்பட்டன.

டின்னுக்குள்ளிருந்து ஒரு நீளக் கவுனின் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். நீளத்தையும் கையையும் கூட்டினால் ஹபாயா ஆகிவிடும். சிங்களம் எனக்கு வாசிக்கத் தெரியும்; கணக்கும் தெரியும். இதிலென்ன கஷ்டம் என்ற எண்ணம். திரைச்சீலைக்கென்று எப்போதோ வாங்கி வைத்த கடுநீலத் துணி நாலு யார் இருந்தது. ஊரடங்கு நாட்களில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தேன், வெட்டினேன். வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். போன பிறகு மறுபடியும் மிதிப்பேன். அந்த ஒரு கிழமை எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தது அந்த மெஷினால்தான்.

படத்தின் ஓரங்களில் உம்மா நீலப் பென்சிலால் எழுதிய குறிப்புகள் இருந்தன. அவை அரபுத் தமிழில் இருந்தன. உம்மா ஓதப்பள்ளியில் படித்த எழுத்து அதுதான். இமாமுல் அரூஸின் 'மகானி'யை அந்த எழுத்தில்தான் வாசித்தார். தமிழ் எழுத்தைவிட அது அவருக்குக் கையோட்டமாக வரும். நான் குர்ஆன் ஓதுவேன். ஆனால் அரபியில் இல்லாத ட, ப, ஞ, ங போன்ற ஒலிகளுக்காகப் புள்ளி கூட்டிய எழுத்துகள் எனக்குப் பழக்கமில்லை. பென்சிலும் மங்கியிருந்தது. கணக்குத்தான் அச்சில் இருக்கிறதே என்று குறிப்புகளை விட்டுவிட்டேன்.

விட்டதன் பலனைத்தான் முதலில் சொன்னேன். அளந்து பார்த்தபோது விளங்கியது. படத்தில் தையலுக்கான துணி சேர்க்கப்படவில்லை. நாலு துண்டுகளின் ஓரத்திலும் முக்கால் அங்குலம் உள்ளே பிடித்துத் தைத்திருந்தேன். மூன்று அங்குலம் அதில் போய்விட்டது. படம் தந்த தளர்வு இரண்டு அங்குலம்தான். உடுப்பு என்னைவிட ஓர் அங்குலம் சின்னது. எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யும் கணக்கு.

பெருநாளைக்குப் பழைய உடுப்பையே உடுத்தினேன். அந்தப் பெருநாளில் இன்னொன்றும் நடக்கவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பெருநாள் பகலில் வரும் பக்கத்து வீட்டு அக்கா வரவில்லை. வட்டிலப்பம் அவருக்கென்று எடுத்து வைத்தது அப்படியே இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. கட்டுவாப்பிட்டியில் அவரது சொந்தக்காரர் ஒருவரும் இறந்திருந்தார். அந்த மரணத்துக்கு நான் போகவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. என்ன முகத்தோடு போவது என்ற வெட்கம் பாதி, பயம் பாதி. முதலில் போகாதவள் நான்தான்.

ஜூன் கடைசியில் உம்மாவின் தங்கை, புத்தளத்தில் இருக்கும் சாச்சியிடம் போனேன். டின்னையும் கொண்டுபோனேன். எண்பதை நெருங்கிய சாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கிதாபு ஓதும் ராகத்திலேயே அந்தப் பென்சில் குறிப்புகளை வாசித்தார். பப்புவ என்றால் நெஞ்சு. உரஹிஸ என்றால் தோள். இண என்றால் இடுப்பு. சிங்களச் சொல்லை அரபு எழுத்தில் எழுதி, பக்கத்தில் தமிழ்க் கருத்து. அதற்குக் கீழே:

"இது அவங்கட அளவு. நமக்குத் தளர்வா வேணும். இதுல தையலுக்கு விட்டில்ல. பக்கத்துக்கு ரெண்டு வெரல் கூட்டி வெட்டு."

சாச்சி நிமிர்ந்து பார்த்தார். "எல்லாம் எழுதித்தானே வெச்சீக்கு மகள். நீ பாக்கல்லயா?" என்றார்.

பார்த்தேன், வாசிக்கத் தெரியவில்லை என்றேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த வார்த்தைதான் மனதில் நின்றது. உம்மா என்னைப் படிக்கச் சொல்லி மெஷினிலிருந்து விரட்டினார். நான் மூன்று மொழி படித்தேன். உம்மாவின் கையெழுத்தை மட்டும் படிக்கவில்லை. தைக்க மட்டுமே தெரிந்தவர் என்று நான் நினைத்திருந்த உம்மா, ஒரு மொழியில் கேட்டு, இன்னொரு மொழியில் விளங்கி, மூன்றாவது மொழியின் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

பிரித்த துண்டுகளோடு இரண்டு பக்கமும் அகலமாகப் பட்டி வைத்துச் சேர்த்தேன். உடுப்பு இறங்கியது. ஆனால் வலது கையை இடது பக்கமும் இடது கையை வலது பக்கமும் பூட்டிவிட்டேன். கையை முன்னால் நீட்டினால் முதுகு இழுத்தது. எங்கே பிழை என்று எனக்கு விளங்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனேன். ஒரு சாட்டு வேண்டியிருந்தது, அது கிடைத்தது.

அக்கா கதவைத் திறந்து கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு என் கையிலிருந்ததைப் பார்த்தார். சுவரில் அந்தச் சொந்தக்காரரின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. நான் சொல்ல நினைத்து வந்தது எதுவும் வாயில் வரவில்லை. "வரவேண்டிய நேரத்தில வரல்ல அக்கா" என்று மட்டும் சொன்னேன். "நானும்தானே" என்றார்.

உடுப்பை வாங்கி மேசையில் விரித்தார். கையின் மேல் வளைவு இரண்டு பக்கமும் ஒன்றல்ல. முன்பக்கம் கூடுதலாகக் குழிந்திருக்கும், பின்பக்கம் முதுகு அசைவதற்காகக் கொஞ்சம் நிரம்பியிருக்கும் என்று விரலால் தடவிக் காட்டினார். நான் மாற்றிப் பூட்டியதால்தான் இழுத்தது. வெட்டும்போதே முன்பக்கத்தில் ஒரு சின்ன அடையாளம் வெட்டிவிட்டால் இந்தப் பிழை வராது. "உங்கட உம்மாவும் முதல் சட்டையில இதைத்தான் செஞ்சாங்க" என்றார். இரண்டு பேரும் ஆளுக்கொரு கையாகப் பிரித்தோம். பிரிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. அந்த ஒரு மணித்தியாலத்தில் கட்டுவாப்பிட்டியைப் பற்றியும் கதைத்தோம், எங்கள் கடைத்தெருவைப் பற்றியும் கதைத்தோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கதைத்தோம், அவ்வளவுதான். அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அக்கா வந்தார்.

அதன் பிறகு நான் தைத்தவை பத்துக்கு மேல். ஒன்றும் கடை உடுப்புப் போல இல்லை. ஆனால் எல்லாம் என் அளவு. மறு வருஷமே கறுப்பிலும் ஒன்று தைத்து உடுத்தேன். அது பயமில்லாமல் தேர்ந்தெடுத்த நிறம்.

இப்போது ஒரு சி.ஆர். கொப்பியில் உம்மாவின் குறிப்புகளை ஒவ்வொன்றாகத் தமிழ் எழுத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அரபுத் தமிழ் என்றால் மார்க்கச் சட்ட நூல்களையும் மாலைகளையும் பற்றித்தான் நாங்கள் பேசுகிறோம், எழுதுகிறோம். அது வேண்டியதுதான். ஆனால் எங்கள் உம்மாமார் அந்த எழுத்தில் அளவுகளும் எழுதினார்கள். மருந்துக் குறிப்பும் கடன் கணக்கும்கூட எழுதியிருக்கலாம். இதை வாசிக்கிறவர்களின் வீட்டிலும் ஒரு மெஷின் லாச்சி இருக்கும், ஒரு டின் இருக்கும். பழைய கடதாசி என்று எறிவதற்கு முன், வாசிக்கத் தெரிந்த ஒருவர் இன்னும் குடும்பத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் இந்தக் கிழமையே போங்கள்.